மூன்று பாடல்களில் ஒரு பேரரசியார்

பாடிப் பரவிய அடியார்களைப் பற்றி நம்மிடையே நூல்கள் பல உண்டு. பாடாமல் வேண்டி நின்றவர்களைப் பற்றிய நூல்கள் மிகச் சிலவே. பெரியபுராணச் சொற்பொழிவு என்றால் சம்பந்தரின் வாதத் திறமும், அப்பரின் அஞ்சாமையும், சுந்தரரின் தோழமையும் முன்வந்து நிற்கின்றன. அவை நிற்கத்தக்கவையே. ஆயினும் அவ்வரலாறுகள் திரும்புகின்ற முனைகளில் எல்லாம் ஒரு பெண்ணின் வேண்டுதல் இருப்பதைச் சேக்கிழார் பெருமான் ஓசையின்றிக் காட்டிச் செல்கிறார். காப்பியத்தை விரைந்து படிப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். அதனைச் சற்று நின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

எடுத்துக்கொண்ட பாத்திரம் பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியார். அவருக்குத் துணையாகத் திலகவதியாரையும் காண்போம்.

அளவும் இடமும்

இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் இயற்றிய திருத்தொண்டர் புராணம் 4,000க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அது போற்றும் தனியடியார் 63 பேரில் பெண்கள் மூவர். காரைக்காலம்மையாருக்கு 66 பாடல்கள் அமைந்துள்ளன. மங்கையர்க்கரசியாருக்கு மூன்றே பாடல்கள். சுந்தரரைப் பெற்ற அன்னையார் இசைஞானியாருக்கு ஒரே ஒரு பாடல்.

இந்தக் கணக்கு சிலருக்கு மனக்குறையாக இருப்பதுண்டு. ஒரே மதுரை வரலாற்றில் தோன்றிய மூவர், அதாவது அரசியார், அமைச்சர் குலச்சிறையார், அரசர் நின்றசீர் நெடுமாறர், மூவருமே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றவர்கள். அமைச்சருக்கும் அரசருக்கும் பத்தை ஒட்டிய பாடல்கள். அரசியாருக்கு மட்டும் மூன்று. பெண் என்பதால் குறைத்தாரோ என்று கேட்பவர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

ஆனால் அந்த மூன்று பாடல்களில் புலவர் செய்வது என்ன? வரலாறு சொல்லவில்லை, வணங்குகிறார். அரசியாரைத் தம் தெய்வம் என்றே கூறிப் பாண்டியர் குலத்தின் பழியைத் தீர்த்தவர் என்கிறார். பழி எது, தீர்த்தது எவ்வாறு என்பதை அங்கே விரிக்கவில்லை. ஏனெனில் முன்னரே வேறோரிடத்தில் விரித்துவிட்டார். அந்த வேறோரிடம் சம்பந்தர் புராணம். 'பிள்ளை பாதி, புராணம் பாதி' என்று சொல்லும்படி 1,200க்கும் மேற்பட்ட பாடல்களாய் விரிந்து கிடக்கும் அப்பெரும்பகுதியில், மதுரை நிகழ்ச்சிகள் தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை அரசியாரின் கை தெரிகிறது. அவருடைய வரலாறு அவர் பெயரிட்ட ஏட்டில் இல்லை. இன்னொருவர் பெயரிட்ட ஏட்டில் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் பணிபுரியும் நம்மில் பலருக்கு இது புதிய செய்தியன்று. கோப்பின் இறுதியில் கையொப்பம் இட்டவர் பெயரே வெளியே தெரியும். முதற்குறிப்பை எழுதியவர் யார், எந்தச் சொல்லால் அந்தக் கோப்பு நகர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். மங்கையர்க்கரசியாரைக் காணவும் அவ்வாறே புரட்ட வேண்டும்.

அரண்மனைக்குள் ஒரு தனிமை

7ஆம் நூற்றாண்டுப் பாண்டிநாடு. அரசன் சமண நெறியைத் தழுவியிருக்கிறான். அவையும் நகரும் அவன் வழி நிற்கின்றன. சோழர் குலத்தில் பிறந்து அந்த அரண்மனைக்கு மருமகளாக வந்தவர் மட்டும் தம் பிறந்தகத்துச் சிவநெறியை விடவில்லை. அவருடைய மனத்தை அறிந்தவர் அமைச்சர் குலச்சிறையார் ஒருவரே.

வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், மொழியும் பழக்கமும் வேறான ஒரு பெருங்குடும்பத்தில் தன் வழிபாட்டைக் காத்துக்கொள்வது எத்தகைய செயல் என்பதை இந்நூலைப் படிக்கும் இல்லங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரசியார் கணவனோடு வழக்கிடவில்லை. கணவனை விட்டு விலகவும் இல்லை. தம் நெறியைக் கைவிடவும் இல்லை. இம்மூன்றையும் ஒருங்கே செய்யாதிருத்தல் எளிதன்று. இவற்றுள் ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டும் எளிதாகும். விட்டுக்கொடாமையே அவருடைய நோன்பு.

அந்நோன்பு வெறும் காத்திருத்தலாகவும் இருக்கவில்லை. சம்பந்தர் அப்பரோடு திருமறைக்காட்டில் எழுந்தருளியுள்ளார் என்ற செய்தி எட்டியதும், குலச்சிறையாரோடு கலந்து தூதரை அனுப்புகிறார். நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பர் தடுத்ததும், சம்பந்தர் கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டதும் நாம் அறிந்தவை. கோளறு பதிகத்தை இன்றும் பயணம் புறப்படுமுன் பாடும் குடும்பங்கள் பல. அப்பதிகம் பிறந்தது ஓர் அரசியார் அனுப்பிய அழைப்பினால் என்பதை அவற்றுள் எத்தனை குடும்பங்கள் நினைக்கின்றன?

சம்பந்தர் மதுரைக்கு வந்தபின் நிகழ்வது இன்னும் நுட்பமானது. சைவர் வருகையால் 'கண்டுமுட்டு' நேர்ந்தது என்று சமணர் முறையிட, அதைக் கேட்டதனால் தனக்குக் 'கேட்டுமுட்டு' ஆயிற்று என்று அரசன் வருந்தித் தன் மாளிகையில் பேசாது கிடக்கிறான். அரசியார் அணுகிக் காரணம் வினவுகிறார். அவன் சொல்கிறான். அவர் விடையாகக் கூறுவது ஒன்றே: இரு திறத்தாரும் வாது செய்யட்டும், வென்றவர் பக்கம் சேர்வதே முறை.

இவ்விடையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கணவன் சமயத்தை அவர் பழிக்கவில்லை. தம் சமயத்தைப் புகழவும் இல்லை. நடுவுநிலையான ஒரு முறையை முன்வைக்கிறார். மறுப்பதற்கு அரசனுக்கு இடமே இல்லை. பின்னர் வெளியே வந்து, பிள்ளைக்கு ஏதேனும் தீங்கு நேரின் நாமும் உயிர் துறப்போம் என்று குலச்சிறையாரிடம் கூறுகிறார். உள்ளே அறிவுரை, வெளியே உயிரையே பணயமாக வைத்த உறுதி. இரண்டும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து வந்த சொற்கள்.

'பையவே' என்ற ஒரு சொல்

இனி இக்காப்பியத்தின் மிக நுட்பமான ஓரிடத்திற்கு வருவோம். சம்பந்தரும் அடியாரும் தங்கிய திருமடத்திற்கு இரவில் தீ மூட்டப்படுகிறது. சம்பந்தர் அத்தீயை அரசனையே சென்று சேருமாறு பாடுகிறார். ஆனால் பாடும்போது 'பையவே' செல்லுமாறு கூறுகிறார். அஃதாவது மெல்ல.

தேவாரத்தில் உள்ள இந்த ஒரு சொல்லைச் சேக்கிழார் எடுத்துக்கொண்டு காரணங்களை அடுக்குகிறார். அரசனிடம் குற்றம் உள்ளது. ஆயினும் அவன் மீண்டும் சிவநெறி அடைய வேண்டியவன். திருநீற்றினால் அவன் வெப்பம் நீங்கச் சம்பந்தர் கையால் தீண்டப்பெறும் பேறு அவனுக்கு உண்டு. குலச்சிறையாரின் அன்பும் உண்டு. இவ்வாறு பல கூறுகிறார். இவை அனைத்திற்கும் முன்னால், முதற்காரணமாக அவர் வைப்பது எது? பாண்டிமாதேவியாரின் மங்கலநாண். அது காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே தீ மெல்லச் சென்றது.

உரையாசிரியர் பலரும் இவ்விடத்தில் அரசியாரின் கற்பைப் போற்றி மேலே செல்வர். நான் வேறொன்றைச் சுட்ட விரும்புகிறேன். அந்த நள்ளிரவில் அரசியார் அங்கே இல்லை. என் கணவரைக் காத்தருளுக என்று அவர் கேட்கவில்லை. மடம் எரிந்த செய்தியே பின்னர்தான் அவருக்குத் தெரிகிறது. கேளாத வேண்டுதலுக்கு விடை கிடைக்கிறது. எப்படி? ஆண்டுக்கணக்காக அவர் வாழ்ந்த வாழ்க்கையே வேண்டுதலாய் இருந்தமையால் என்பதுதான் சேக்கிழாரின் விடை. தண்டனை விதிக்கும் வாய் ஒரு கணம் தயங்குகிறது. அத்தயக்கத்திற்கு ஒரு பெண்ணின் முகம் காரணம். ஒரு நாட்டின் அரசன் பிழைத்தது அந்தத் தயக்கத்தில்தான்.

வினையின் வேகத்தைக் குறைக்கும் இந்த ஆற்றலுக்கு வீரம் என்ற பெயரை நாம் தருவதில்லை. தருதல் தகும் என்றே தோன்றுகிறது.

அச்சமும் ஆற்றலும்

வெப்பு நோய் அரசனைப் பற்றுகிறது. சமணர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. அப்போதுதான் அரசியாரும் அமைச்சரும் வாய் திறந்து, சம்பந்தரை அழைப்பதே தீர்வு என்கின்றனர். அப்பெயரைக் கேட்ட அளவிலேயே அரசனின் அயர்வு சற்று நீங்குகிறது. அவன் இசைகிறான். அரசியார் தாமே திருமடத்திற்குச் சென்று அடி வணங்கிக் கண்ணீர் பெருக நிற்கிறார்.

ஆனால் அவையில் நிகழ்வதைப் பாருங்கள். ஒருபுறம் கூட்டமாகத் திரண்டு ஆரவாரிக்கும் சமணர். மறுபுறம் தனியே ஒரு சிறு பிள்ளை. அழைத்து வந்தவர் அரசியார்தாம். இப்போது அவரே அஞ்சுகிறார். இங்கே அவர் அரசியார் அல்லர், அடியாரும் அல்லர், அன்னையார். பெற்ற மக்கள் எவரையும் பற்றிக் காப்பியம் கூறாத இவரிடத்தில் சேக்கிழார் தாய்மையை வைத்துக் காட்டும் இடம் இதுவே.

அவ்வச்சத்தைக் கண்ட சம்பந்தர் அரசியாரை விளித்தே ஒரு பதிகம் பாடுகிறார். பாலன் என்று எண்ணி வருந்த வேண்டா என்று தேற்றுகிறார். உயிரோடு எதிரே நிற்கும் ஒரு பெண்ணின் கலக்கத்தைத் தீர்ப்பதற்கென்றே பிறந்த பதிகம் தேவாரத்தில் அரிது. மன்னன் எதிரே கிடக்கிறான், எதிரிகள் சூழ்ந்திருக்கின்றனர். பிள்ளையார் முதலில் ஆற்றியது மன்னனின் வெப்பத்தை அன்று, அரசியாரின் நெஞ்சத்தை.

அஞ்சாதவர்களைப் பற்றியே நாம் பெரிதும் எழுதுகிறோம். அஞ்சியும் அழைத்த காலைப் பின்வாங்காதவர்களும் உண்டு. காப்பியத்தில் பாண்டிமாதேவியார் அழுகிறார், நடுங்குகிறார், துயருறுகிறார். ஆயினும் எடுத்த செயலில் ஓரடியும் பின் வைக்கவில்லை. நம் வீட்டுப் பூசையறைகளில் நின்ற அன்னையர் பலரின் இயல்பும் இதுவே அன்றோ?

வாராத தமக்கையார்

மங்கையர்க்கரசியாரை விளங்கிக்கொள்ளத் திலகவதியார் உதவுவார். இவர் 63 பேரில் ஒருவர் அல்லர். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இவர் பெயர் இல்லை. ஆயினும் அப்பர் புராணத்தின் முதற்பகுதி முழுவதும் இவருடையதே எனலாம்.

திருவாமூரில் பிறந்தவர். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். தந்தையும் தாயும் முன்னரே மறைந்தனர். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியார் வாழ வேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கினார். தமக்கையாகப் பிறந்து தாயாக வாழ்ந்தார். அந்தத் தம்பி சமணம் சார்ந்து தருமசேனர் என்ற பெயரோடு விலகிச் சென்றபோது, அவர் திருவதிகை வீரட்டானத்திற்குச் சென்றார். அங்கே திருக்கோயிலை அலகிட்டார், மெழுகினார், மாலை தொடுத்தார், தம்பியை மீட்டருள வேண்டினார். அவர் வேண்டுதல் கையில் துடைப்பத்தோடு செய்த வேண்டுதல்.

மேலைநாட்டு இலக்கியம் பயின்றோர் இவ்விடத்தில் புனித அகஸ்டினின் அன்னை மோனிக்காவை நினைப்பர். மகன் மானிக்கேய மதம் சார்ந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் விலகி நின்றான்; கணவரும் நெடுங்காலம் வேற்றுச் சமயத்தவர். அவ்வன்னையும் அழுது வேண்டினார். அவருக்கும் மகன் மீள்வான் என்று கனவு தோன்றியது. திலகவதியாருக்கும் இறைவன் கனவில் தோன்றித் தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்வோம் என்றான். அன்னை 387இல் மறைந்தபின், அந்நூற்றாண்டின் இறுதியில் அகஸ்டின் எழுதத் தொடங்கிய தன்வரலாற்று நூல் அவரை உலகம் அறியச் செய்தது.

ஒற்றுமை வியப்பூட்டுவது. வேற்றுமையே நமக்கு வேண்டுவது. மோனிக்கா மகனைத் தொடர்ந்து கடல் கடந்து இத்தாலிக்குச் சென்றார். திலகவதியார் செல்லவில்லை. சூலையால் துடித்த தம்பி, தமக்கு உணவு சமைப்பவனை அனுப்பி அழைத்தபோதும், சமணர் பள்ளிக்கு யான் வாரேன் என்று விடுத்தார். இச்சொல்லைக் கல்மனம் என்று கொள்வார் உளர். தம்பிக்காகவே உயிர் சுமந்தவர் தம்பி துடிக்கையில் வர மறுப்பது அவருக்கு எளிதாகவா இருந்திருக்கும்? வந்திருந்தால் தம்பிக்கு ஆறுதல் கிடைத்திருக்கும், திருப்பம் கிடைத்திராது. அவர் வாராமையால்தான் தருமசேனர் பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெண்துகில் உடுத்து, இரவோடிரவாகத் தாமே நடந்து வந்தார். விடியற்காலையில் திருவலகும் மெழுக்கும் கொண்டு கோயிலுக்குப் புறப்பட்ட தமக்கையார் திருநீறு அளிக்க, அதைப் பெற்று உட்சென்று பாடத் தொடங்கியவரே நாம் அறியும் அப்பர்.

ஒருவர் போய் அழைத்தார். ஒருவர் போகாமல் அழைத்தார். மங்கையர்க்கரசியார் தூது விட்டதும் திலகவதியார் தூதை மறுத்ததும் ஒரே ஆற்றலின் இரு முகங்கள். எப்போது அசைவது, எப்போது அசையாதிருப்பது என்று அறிவதே அவ்வாற்றல்.

பேசாது விட்ட ஓரிடம்

திறனாய்வு என்ற பெயரில் எழுதும்போது கசப்பான ஓரிடத்தைத் தாண்டிச் செல்லுதல் முறையன்று. மதுரை வாதங்களின் முடிவில், தோற்ற சமணர் கழுவேறியதாகக் காப்பியம் கூறுகிறது. சம்பந்தரின் பதிகங்களில் இச்செய்தி இல்லை. பிற்கால நூல்களிலேயே காண்கிறோம். வரலாற்றாசிரியர் பலர் இதனை ஐயுறுகின்றனர். எனினும் காப்பியத்துள் அது இருக்கிறது. ஆணையிட்டவர் அரசர், நிறைவேற்றியவர் அமைச்சர். அரசியாரின் சொல் அங்கே கேட்கவில்லை. அவர் உடன்பட்டார் என்றும் இல்லை, தடுத்தார் என்றும் இல்லை.

கணவனைச் சூழ்ந்த தீயை மெல்லச் செல்லச் செய்த அந்த முகம், இங்கே ஏன் தோன்றவில்லை? இவ்வினாவைப் பெரியபுராணத்தின்மேல் பற்றுடையவர்களே கேட்க வேண்டும். சீவகசிந்தாமணியையும் நாலடியாரையும் நன்னூலையும் தந்தவர் சமணர். அவரை நீக்கித் தமிழ் இல்லை. செங்கோட்டைக்கு எதிரே பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை நடத்தும் சமணக் கோயிலைத் தலைநகரில் நம் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். அவர்களுடைய வகுப்புத் தோழர்களில் சமணர் உண்டு. மங்கையர்க்கரசியாரின் வரலாற்றைச் சொல்லும்போது இப்பகுதியை மறைத்தும் சொல்லக் கூடாது, பெருமையாகவும் சொல்லக் கூடாது. அமைதி எங்கே ஆற்றலாக இருக்கிறது, எங்கே வெறும் பேசாமையாக நின்றுவிடுகிறது என்று பிரித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். காப்பியத்தை நேசிப்பதற்கு இது தடையாகாது.

முடிவாக

இசைஞானியாருக்கு ஒரே பாடல் பாடிய சேக்கிழார், அவரைப் புகழ்வது எவர்க்கும் முடியாது, என் சிறுமொழிக்கு முடியுமோ என்ற கருத்தில் அப்பாடலை முடிக்கிறார். அவை அடக்கச் சொல் என்று அதனைத் தள்ளிவிடலாகாது. மகன் சுந்தரரோ திருத்தொண்டத்தொகையின் கடைசிப் பாட்டில் தந்தையையும் தாயையும் பெயர் சொல்லிவிட்டே தம் பெயரைச் சொல்கிறார். அறுபத்துமூவர் வரிசை ஒரு தாயின் பெயரோடு நிறைவது தற்செயல் ஆகாது.

பெரியபுராணத்து மகளிரை இருவகையாகப் படிக்கும் வழக்கம் உண்டு. கற்பின் சிகரம் என்று வணங்கி ஏட்டை மூடிவிடுவது ஒன்று. ஆடவருக்காகவே வாழ்ந்த பாவம் என்று இரங்கி ஏட்டை மூடிவிடுவது மற்றொன்று. இரண்டிலும் ஏடு மூடப்படுகிறது. ஏட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டுவோர்க்கு, தூது அனுப்பிய கை, முறை சொன்ன வாய், வாரேன் என்ற உறுதி, அவையில் நடுங்கிய நெஞ்சு ஆகியவை தெளிவாகவே தெரியும்.

ஊரை விட்டு வந்து வேற்றுமொழி நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் தமிழும் வழிபாடும் இன்றளவும் நிலைத்திருப்பதற்குச் சங்கங்களும் பள்ளிகளும் காரணம் என்று ஆண்டறிக்கைகளில் எழுதுகிறோம். அது உண்மையே. அந்த அறிக்கைகளில் இடம்பெறாத ஒரு காரணம் ஒவ்வொரு வீட்டிலும் விடியற்காலையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று பாடல்கள் போதுமா என்று சேக்கிழாரைக் கேட்பதற்கு முன், நாம் எத்தனை வரிகள் எழுதினோம் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. சி. கே. சுப்பிரமணிய முதலியாரின் உரையோடு சம்பந்தர் புராணத்தின் மதுரைப் பகுதியை வீட்டில் எல்லோரும் கேட்க ஒருமுறை உரக்கப் படியுங்கள். படிப்பவர் வீட்டுத் தலைவராக இருப்பின் இன்னும் நன்று. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரிந்த கதையாகவே இருக்கும்.